ஐஸ் கம்பெனியில் தொடங்குங்கள், தம்பி

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி., தண்ணீர்க் குழாய், தீயணைப்பு அமைப்புகளை வடிவமைக்கும் வேலைக்குப் போக ஆசை. 'வரைபட மென்பொருள் இரண்டு படித்துவிட்டு வா, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் துபாயில் இருக்கும் மாமா. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பயிற்சிக் கட்டணத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். சேரலாமா?
— ஒரு மாணவர், மண்டபம்

பதில்: இப்போது கடன் வாங்க வேண்டாம், தம்பி. மாமா சொல்வது தவறில்லை, மென்பொருள் தேவைதான். ஆனால் அது நீங்கள் கொடுக்கும் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடும். அந்த எண் சரியா என்று அறியும் கண்ணை இந்த வருடம் சம்பாதியுங்கள். மண்டபத்தில் அதற்குக் காசு வேண்டாம்.

அப்பாவின் படகுக்கு ஐஸ் ஏற்றும் கம்பெனிக்கு ஒரு நோட்டோடு போங்கள். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 126 கிலோஜூல், அதை உறைய வைக்க இன்னும் 334. ஒரு நாளில் ஆயிரம் கிலோ ஐஸ் என்றால் 5.3 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியே எடுக்க வேண்டும். ஏ.சி.க்காரர்கள் சொல்லும் ஒரு 'டன்' சுமார் 3.5 கிலோவாட். ஆக, ஒரு டன் ஐஸ் கட்ட ஒன்றரை டன் குளிர்திறன். அங்கே ஓடும் எந்திரத்தின் திறன் இந்தக் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். மிச்சம் எங்கே போகிறது என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கேளுங்கள். ஐஸ் அச்சுகள் மூழ்கி நிற்கும் உப்புநீர்த் தொட்டியின் சுவரையும் மேல்பலகையையும் காட்டுவார்; அவற்றின் வழியே வெளிவெப்பம் உள்ளே நுழைகிறது. குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா ஓடும் குழாய்கள் ஏன் இரும்பில் இருக்கின்றன, செம்பில் இல்லை என்றும் கேளுங்கள். அம்மோனியா செம்பை அரிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸ் கம்பெனியிலும் வேலை குறைவு. கம்ப்ரசரைப் பிரித்து வைத்திருந்தால் விடாமல் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கடலைப் பார்த்து நிற்கும் ஏதாவது ஒரு லாட்ஜின் மாடி. அங்கே பழைய ஏ.சி.யின் வெளி யூனிட் ஒன்றைத் தேடுங்கள். செம்புக் குழாயைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளை விரலால் மெல்லத் தொட்டால் வெண்பொடியாக உதிரும். செம்பும் அலுமினியமும் ஒட்டி நிற்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். துபாயும் கடற்கரை ஊர்தான். இந்தக் குழாயும் தகடுகளும் சேர்ந்த 'காயிலை' (coil) எந்தப் பூச்சோடு வாங்குவது, யூனிட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு நாள் உங்களைக் கேட்பார்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். வளைகுடாவில் நான் சேர்ந்த புதிதில், ஒரு கட்டடத்தின் புது ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் கறை படர்ந்தது. குழாய் ஒழுகுகிறது என்று இரண்டு நாள் தேடினோம். ஒழுகலே இல்லை. 7 டிகிரி குளிர்நீர் போகும் குழாயில், காப்பு உறையின் ஓர் இணைப்பு ஒட்டப்படாமல் விரலளவு திறந்திருந்தது. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கத் தொடங்கிவிடும். அந்த இணைப்பைப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டவன் நான். இன்றும் மனம் உறுத்துகிறது. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்து, அது எந்த டிகிரியில் வியர்க்கும் என்று காட்டும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்திருந்தேன். நீங்கள் அதை அச்சடித்து அறைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் ஊரின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தினமும் காலையும் மாலையும் அதில் குறியுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்கும் தீயணைப்புக்கும் 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தனித்தனிப் பகுதிகள் உண்டு. கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பகுதிகளை மட்டும் வாசித்தால் போதும்.

மென்பொருளை நான்காம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் மாமாவிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: அவருடைய அலுவலகத்தில் வெப்பக் கணக்குக்கு எதைப் பயன்படுத்துகிறார்கள், வரைவதற்கு எதை? அவற்றை மட்டும் படியுங்கள்.