முன்பணம் கட்டுவதற்கு முன்: மகனின் ஆஸ்திரேலியா பி.ஆர். குறித்து ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் சொன்னபடி மகனுக்கு 31 வயது 2 மாதம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். சாஃப்ட்வேர் வேலையில் 6 வருடம் 8 மாதம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏஜென்ட் "பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) உறுதி" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கணக்குப் போட இந்தத் தகவல்களே போதும்.

அந்த "உறுதி" என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறைத் திறன்சார் விசாவுக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. ஸ்கில்செலக்ட் என்ற அரசு இணையதளத்தில் விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால்தான் விண்ணப்பம். யாரை அழைப்பது என்பது அந்நாட்டு உள்துறையும் மாநில அரசுகளும் எடுக்கும் முடிவு. இடையில் நிற்கும் எவராலும் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது.

வழி மூன்று. 189 என்பது யாருடைய பரிந்துரையும் இல்லாமல் சொந்தப் புள்ளியில் வாங்கும் பி.ஆர். 190 என்பது ஒரு மாநிலம் பரிந்துரைக்கும் பி.ஆர்.; அதற்கு 5 புள்ளி கூடும். 491 என்பது 5 ஆண்டுத் தற்காலிக விசா; அதற்கு 15 புள்ளி கூடும். 491-இல் போகிறவர் 'ரீஜனல்' பகுதியில் வசித்து வேலை பார்க்க வேண்டும். 3 ஆண்டு கழித்து, வருமான வரிக் கணக்கைக் காட்டி 191 என்ற பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். ரீஜனல் என்றதும் ஆளரவமற்ற ஊர் என்று பயப்பட வேண்டாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் நீங்கலாக நாட்டின் மற்ற எல்லா இடமும் ரீஜனல்தான். அடிலெய்டு, பெர்த், கான்பெரா எல்லாம் அதில் வருகின்றன.

இனி புள்ளிக் கணக்கு. வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி. 33-ஆவது பிறந்தநாளில் அது 25 ஆகிவிடும். பட்டப் படிப்புக்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10. நான்கிலும் 8 என்றால் 20. 6 என்றால் தகுதி மட்டும் உண்டு, புள்ளி கிடையாது. திருமணமாகாதவருக்கு 10. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பார்த்த வேலைக்கு 3 ஆண்டு முடிந்தால் 5, 5 ஆண்டு முடிந்தால் 10, 8 ஆண்டு முடிந்தால் 15. குறைந்தபட்சம் 65 இருக்க வேண்டும். ஆனால் 65 என்பது வரிசையில் நிற்பதற்கான அனுமதிதான். செவிலியர், ஆசிரியர், கட்டுமானத் தொழிலாளர் போன்றோருக்குக் குறைந்த புள்ளியிலும் அழைப்பு வருகிறது. ஐ.டி. ஆட்களுக்கு 189-இல் அதைவிட வெகுவாக உயர்ந்த புள்ளி தேவைப்படுகிறது. 2024-25 திட்டத்தில் 189-க்கு ஒதுக்கிய இடங்கள் 16,900. அது உலகம் முழுவதற்கும், எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து.

ஏஜென்ட் தந்த தாளில் அனுபவத்துக்கு 10 புள்ளி போட்டு மொத்தம் 75 என்று காட்டியிருக்கிறார். தவறு அங்கேதான் இருக்கிறது. ஐ.டி. தொழில்களுக்குத் திறன் மதிப்பீடு செய்வது ஏ.சி.எஸ். எனப்படும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம். பட்டம் அந்தத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தாலும், பொதுவாக முதல் 2 ஆண்டு அனுபவத்தைத் 'தகுதி பெறுவதற்கான காலம்' என்று கழித்துவிடுவார்கள். படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு குறைந்தால் கழிவு இன்னும் கூடும். மதிப்பீட்டுக் கடிதத்தில் 'இந்த மாதத்துக்குப் பிந்தைய பணியே திறன்சார் பணி' என்று ஒரு வரி வரும். அதற்குப் பிந்தைய மாதங்களை மட்டுமே எண்ண வேண்டும். மகனின் 6 வருடம் 8 மாதத்தில் 2 வருடம் போக மிஞ்சுவது 4 வருடம் 8 மாதம். அதற்கு 5 புள்ளிதான். ஆக இன்றைய நிலை: 30, 15, ஆங்கிலம் 7 வாங்கினால் 10, அனுபவம் 5, தனியாள் 10. மொத்தம் 70.

5 புள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள். பதிவில் 10 போட்டு, அதன் பலத்தில் அழைப்பு வந்து, விண்ணப்பத்தில் 5 மட்டுமே நிரூபணமானால் விசா மறுக்கப்படும். கட்டிய பணம் திரும்பி வராது. 2025-26இல் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் கட்டணம் ஏறத்தாழ 4,900 ஆஸ்திரேலிய டாலர். துணைவருக்கு அதில் பாதி, குழந்தைக்குக் கால் பங்கு. ஜூலை 1-இல் கட்டணம் ஏறுவது வழக்கம்.

இந்த 70-ஐ உயர்த்த வழி இருக்கிறது. நான்கு மாதம் அதே வேலையில் தொடர்ந்தாலே கணக்கில் வரும் அனுபவம் 5 ஆண்டைத் தொடும். புள்ளி 75 ஆகும். ஆங்கிலத்தில் 8 எட்டினால் 85. பெரும்பாலும் காலை வாருவது எழுத்துப் பிரிவு. கேட்டல் 8.5, வாசித்தல் 8.5, பேச்சு 8 வாங்கி எழுத்தில் 7 வந்தால் 20 இல்லை, 10தான். சராசரிக்கு இங்கே மதிப்பில்லை. அதனால் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை எழுத்துக்கே கொடுக்கச் சொல்லுங்கள். பி.டி.இ. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வு எழுதுவதாக இருந்தால், 10 புள்ளிக்கு எல்லாப் பிரிவிலும் 65, 20 புள்ளிக்கு 79 என்று பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்குக் கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மதிப்பெண் வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தபடி எழுதும் ஆங்கிலத் தேர்வு எதுவும் செல்லாது.

இன்னொரு 5 புள்ளி நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழ் உண்டு. தலா 300 சொல் அளவில் இரண்டு உரையாடல்கள். ஒருவர் ஆங்கிலத்திலும் மற்றவர் தமிழிலும் பேசுவார்கள். தேர்வு எழுதுபவர் இடையில் இருந்து மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் 90-க்கு 63 வாங்க வேண்டும், ஒவ்வோர் உரையாடலிலும் 45-க்கு 29-க்குக் குறையக் கூடாது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் இதில் தோற்கிறார்கள். 'இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று பேசிப் பழகிய வாய்க்கு 'காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது' என்று சட்டென்று வராது. வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பரிந்துரை, பிணை, இழப்பீடு, ஓய்வூதியம் போன்ற சொற்கள் தடங்கலின்றி வர வேண்டும். ஆறு வாரம் தினமும் அரை மணி நேரம், நீங்கள் தமிழில் பேச, மகள் ஆங்கிலத்தில் பேச, மகன் நடுவில் மொழிபெயர்த்துப் பழகட்டும்.

பெண் பார்ப்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. தனியாளுக்குக் கிடைக்கும் அந்த 10 புள்ளி திருமணமானதும் போய்விடும். மனைவி 45 வயதுக்கு உட்பட்டவராக, பட்டியலில் உள்ள தொழிலில் திறன் மதிப்பீடும் ஐ.இ.எல்.டி.எஸ். நான்கிலும் 6-உம் வைத்திருந்தால் அதே 10 நீடிக்கும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. இரண்டும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. புள்ளியைக் கணக்கிடுவது அழைப்பு வரும் நாளின் நிலையை வைத்து. அழைப்புக்குப் பின், விசா முடிவாவதற்குள் திருமணம் நடந்தால், மனைவியை அதே விண்ணப்பத்தில் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்; கட்டாயம் தெரிவித்தும் ஆக வேண்டும். பி.ஆர். கைக்கு வந்த பிறகு திருமணம் என்றால் தனியாகத் துணைவர் விசா போட வேண்டும். அதன் கட்டணம் மட்டும் 9,000 டாலருக்கு மேல், காத்திருப்பும் நீளும். விசாவுக்காக முகூர்த்தத்தைத் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதிக்கு என்ன விலை என்பது இரண்டு குடும்பத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தொழில் குறியீடு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. 261313 சாஃப்ட்வேர் இன்ஜினியர், 261312 டெவலப்பர் புரோகிராமர், 261111 ஐ.டி. பிசினஸ் அனலிஸ்ட். விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரைப் பார்த்து இதை எடுக்கக் கூடாது; தினமும் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். 'சிஸ்டம் இன்ஜினியர்' என்ற பெயரில் முழுநேரமும் ஜாவாவில் கோடிங் எழுதுகிறவர்கள் ஏராளம்.

அந்த வேலையை நிரூபிப்பது ரெஃபரன்ஸ் லெட்டர். நம் கம்பெனிகளின் எச்.ஆர். தருவது பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, 'நன்னடத்தை' என்று நான்கு வரி. இது போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, முழுநேரமா, வாரம் எத்தனை மணி நேரம், எந்த நாட்டில் இருந்து வேலை, செய்த பணிகள் என்னென்ன, கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். பணிகளை ஆஸ்திரேலியத் தொழில் அகராதியில் இருந்து வரிக்கு வரி எடுத்து ஒட்டினால் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார். 'மென்பொருள் வடிவமைப்பு' என்று எழுதுவதைவிட எந்த மொழியில், எந்த வகை அமைப்புக்கு, குழுவில் எந்தப் பங்கு என்று எழுதினால் நிற்கும். எச்.ஆர். மறுத்தால், உடன் வேலை பார்த்த மேலாளர் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் தரலாம். கூடவே சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு. பி.எஃப்.-இல் உள்ள சேர்ந்த தேதியும் கடிதத்தில் உள்ள தேதியும் முரண்படாமல் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ்.செந்தில்குமார்', டிகிரியில் 'செந்தில்குமார் எஸ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'செந்தில்குமார் சுப்பிரமணியம்', ஆதாரில் வெறும் 'செந்தில்குமார்' என்று இருக்கும். அயல்நாட்டு அதிகாரிக்கு இது நான்கு ஆள். எல்லாத் தேர்வையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் பதிவு செய்ய வேண்டும். மற்ற ஆவணங்களுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுத்துவைத்தால் போதும். பாதி வழியில் பாஸ்போர்ட் பெயரை மாற்றப் போகாதீர்கள். ஏற்கெனவே எழுதிய தேர்வுகள் பழைய பெயரில் நிற்கும்.

அழைப்பு வந்தால் 60 நாள் கெடு. அதற்குள் ஆவணம் தேட ஆரம்பித்தால் தாமதம்தான். கடந்த 10 ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். இந்தியச் சான்று பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கிடைக்கும். மகன் ஆன்சைட்டில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஓராண்டு இருந்திருந்தால் அங்கிருந்தும் வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். விண்ணப்பக் கணக்கு மகனின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், கடவுச்சொல் அவன் கையில் இருக்கட்டும். என்ன ஆவணம் ஏற்றப்பட்டது என்று பார்க்க முடியாத நிலையில் பிறர் போலிக் கடிதம் சேர்த்தாலும் தண்டனை மகனுக்குத்தான். பொய் ஆவணத்துக்கு 3 ஆண்டு விசா தடை. உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், ஆஸ்திரேலிய அரசில் பதிவு பெற்ற குடியேற்ற முகவரா என்று அவருடைய ஏழு இலக்கப் பதிவு எண்ணை வாங்கி அரசுப் பட்டியலில் சரிபாருங்கள்.

ஏஜென்ட்டின் இரண்டாவது யோசனை: 'கம்பெனி ஸ்பான்ஸர்ஷிப் வாங்கித் தருகிறோம், பத்து லட்சம்'. அதைத் தொடவே வேண்டாம். கம்பெனி ஸ்பான்ஸர் செய்யும் 482 விசா 2024 டிசம்பர் 7 முதல் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற பெயரில் நடக்கிறது. உண்மையான வேலை, ஓராண்டு அனுபவம், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் (2025-26இல் 76,515 டாலர்) இருந்தால் நல்ல விசாதான். ஆனால் ஸ்பான்ஸர்ஷிப்புக்குப் பதிலாகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் அந்நாட்டில் 2015 முதல் சட்டவிரோதம். கொடுத்தவர் புகார் செய்யப் போனாலும் தானும் மாட்டுவார்.

உங்கள் தம்பி திருப்பூரில் பனியன் தொழில் செய்வதாகவும், முதலீடு செய்து போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் 188 வணிக விசா 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. இப்போதுள்ள 858 விசா உலக அளவில் பெயர் பெற்ற சாதனையாளர்களுக்கானது. பணம் இருப்பது மட்டும் தகுதி ஆகாது. அமெரிக்காவின் இ-2 முதலீட்டு விசாவை யாராவது காட்டினால், அது ஒப்பந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே கிளை தொடங்குவதாக இருந்தால், இங்குள்ள நிர்வாகியை அங்கே அனுப்பும் எல்-1ஏ விசா உண்டு. கடந்த 3 ஆண்டில் தொடர்ந்து ஓராண்டு இங்குள்ள நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். புதுக் கிளைக்கு முதலில் ஓராண்டுதான் தருவார்கள். எங்கே போனாலும், தனிநபராக ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்ப முடிவது 2,50,000 அமெரிக்க டாலர்.

மகன் முதல் கம்பெனியை விட்டு நான்கு வருடம் ஆகிறது என்றும், அங்கிருந்த மேலாளர் வேறு வேலைக்குப் போகப்போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேதியை அடுத்த மாதம் எடுக்கலாம், ஏ.சி.எஸ். பணத்தை அதற்கடுத்த மாதம் கட்டலாம். ஆனால் அந்த மேலாளர் கிளம்புவதற்குள் மகன் நேரில் போய்ப் பணி விவரக் கடிதத்தை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்கிவரட்டும். முடியாவிட்டால், அவரை நோட்டரி வரை கூட்டிப்போய் உறுதிமொழிப் பத்திரமாவது வாங்கிவிட வேண்டும். அவர் போன பிறகு அந்த ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்ல அங்கே ஆள் இருக்காது.