பழைய பிக்கப் வண்டியின் முன்விளக்கு மங்கலாக எரிகிறது, எல்.இ.டி. பல்பு போடுவதா, 100 வாட் பல்பு போடுவதா?

கேட்டவர் தம்மிடம் பதினைந்து வயதைக் கடந்த பிக்கப் வண்டி இருப்பதாகவும், செம்பனைத் தோட்டப் பாதையில் விடியலுக்கு முன் ஓட்டும்போது டிம் வெளிச்சம், அதாவது எதிரே வருவோருக்குக் கூசாமல் தாழ்த்தி எரிக்கும் ஒளி, போதவில்லை என்றும், இந்த இரண்டு பல்புகளில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டையும் காசு கொடுத்து வாங்கி, மாட்டி, பிறகு கழற்றி வைத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். பல்பு கெட்டுப்போனதால் விளக்கு மங்குவது அரிது. பல்புக்கு வந்து சேர வேண்டிய மின்சாரமும், பல்பிலிருந்து வெளியேற வேண்டிய வெளிச்சமும் வழியில் எங்கோ தடைபடுவதால்தான் பெரும்பாலும் மங்குகிறது.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் எங்கள் பெரியவர்களுக்குப் புரியும். 1917-இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நடப்பட்ட தென்னமாராம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், அவற்றுக்கு உரம் ஏற்றிச் செல்வது என் தொழில், வண்டி 2009-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். நம் நாட்டில் காலை ஏழு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, கூடும் நேரத்தில் நான் ஸ்டோர் வாசலில் இருக்க வேண்டுமென்றால், தினமும் ஒரு மணி நேரமாவது இருட்டில் ஓட்டியாக வேண்டும். செம்மண் பாதையின் ஓரத்தில் எருமை நிற்கிறதா, குலை ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த டிம் வெளிச்சத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் எல்.இ.டி. கதையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டிய அன்று இரவு வெள்ளை வெளேரென்று முன்னால் நிலவு இறங்கியதுபோல் இருந்தது, மிகவும் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் காப்பிக்கடையில், தினமும் எனக்கு எதிரே மோட்டாரில் வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர், "தம்பி, உன் வண்டி வந்தால் எனக்குப் பாதையே தெரியவில்லை, சாக்கடை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நிற்கிறேன்" என்றார். அவர் சொன்னது மிகையல்ல என்பதை, வண்டியை இன்னொருவரை ஓட்டி வரச் சொல்லி எதிரே நின்று பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

அதற்குக் காரணம் விளக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. என் வண்டியில் இருப்பது எச்4 வகைப் பல்பு, இழை சூடாகி ஒளிரும் ஹேலோஜன் பல்புகளில் ஒன்று. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழைகள்: தொலைவுக்கு அடிக்கும் ஹை பீமுக்கு 60 வாட், டிமுக்கு 55 வாட். டிம் இழை எதிரொளிப்புக் கிண்ணத்தின் குவியப் புள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் கரண்டிபோல் ஒரு சிறு உலோகத் தடுப்பு இருக்கும். கீழே விழும் வெளிச்சத்தை அந்தத் தடுப்பு மறைப்பதால் கிண்ணத்தின் மேற்பாதி மட்டுமே வேலை செய்து, ஒளி கீழ்நோக்கி விழுகிறது. எதிரே வருபவரின் கண்வரை ஏறாத ஒரு கோடு உண்டாவது இப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். இழை எல்லாத் திசையிலும் ஒளி வீசும், எல்.இ.டி. பல்பிலோ தட்டையான சில்லுகள் இரண்டு பக்கமாக மட்டும் வீசுகின்றன, நடுவில் அவற்றைத் தாங்கும் உலோகத்துக்கும் ஒரு தடிமன் உண்டு. இழைக்காக வடித்த கிண்ணத்தில் அதை வைத்தால் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டருக்குள் வெளிச்சம் கொட்டும், தொலைவில் குறையும், மேலே சிதறும். அருகில் பளிச்சென்று இருப்பதால் நம் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, தொலைவில் இருப்பதை இன்னும் குறைவாகவே காண்கிறது. மழை நாளில் அந்தச் சிதறல் துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் புதிய வண்டிகளை நான் குறை சொல்லவில்லை. அவற்றின் கிண்ணமும் வில்லையும் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஹேலோஜன் கூட்டுக்குள் வெளியில் வாங்கிய எல்.இ.டி. பல்புகளையும், வாயு வழியே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் எச்.ஐ.டி. பல்புகளையும் திணிப்பதன் மீதுதான் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. நடவடிக்கை எடுக்கிறது; வண்டி வணிக வாகனமாகப் பதிந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் நிலையத்தில் வண்டிச் சோதனையும் இருக்கிறது.

அடுத்துப் போட்டது 100/90 வாட் பல்பு. இதை விற்றவர் "ஒன்றும் ஆகாது" என்றார். மூன்று வாரத்தில் இடது பக்க பிளக் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டேன். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். 90 வாட் பல்பு 7.5 ஆம்பியர் இழுக்கும். வயர், சுவிட்ச், பிளக் எல்லாம் முதல் கணக்குக்கு அளவாகப் போடப்பட்டவை. தடிப்பு போதாத வயரில் மின்னோட்டம் கூடினால், வழியில் இழக்கும் மின்னழுத்தமும் கூடும், சூடும் கூடும். ஆகக் கொடுத்த காசில் ஒரு பங்கு வெளிச்சமாகாமல் பிளக்கைச் சுடவே போயிற்று.

உருகிய பிளக்கை மாற்றக் கொண்டுபோனபோது, எங்கள் ஊர் வயர்மேன் அண்ணன் ஒருவர் மல்டிமீட்டரை எடுத்து வைத்தார். எஞ்சின் ஓட, டிம் எரிய, பாட்டரி முனைகளில் 13.9 வோல்ட் காட்டியது. பல்பு பிளக்கில் இருக்கும்போதே அதன் பின்பக்க முனைகளில் வைத்துப் பார்த்தால் 12.2 வோல்ட். அதுவும் சாதாரண 55 வாட் பல்புக்கு. "இதுதான் உன் நோய்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் அந்த 1.7 வோல்ட் எவ்வளவு பெரியது என்று விளங்கியது. ஹேலோஜன் இழையின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்கில் குறைகிறது. பத்து விழுக்காடு மின்னழுத்தம் குறைந்தால் முப்பது விழுக்காடு வெளிச்சம் போய்விடும். என் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எச்4 டிம் இழை 13.2 வோல்ட்டில் சுமார் 1,000 லூமன் தர வேண்டியது என்பதை நினைத்துக்கொண்டால், எங்கே எதை மீட்க வேண்டும் என்று தெரியும்.

நீங்களும் இதையே முதலில் அளந்து பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் பிளக்கில் அளந்தால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். மின்னோட்டம் ஓடினால்தான் இழப்பு தெரியும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றைப் பல்பின் நேர்முனையிலும் வைத்தால் அந்தப் பக்கத்தில் எவ்வளவு இழக்கிறது என்று தெரியும். எதிர்முனைப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். என் வண்டியில் பாதி இழப்பு எதிர்முனைப் பக்கத்தில்தான் இருந்தது: மட்கார்டுக்கு உள்ளே எர்த் வயரை முடுக்கிய திருகாணி, உரத்தூளும் ஈரமும் சேர்ந்து பச்சை பிடித்திருந்தது. உரம் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கியதற்குச் செலவே இல்லை. மீதி இழப்புக்கு இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரை நேரே விளக்குக்கு இழுத்தோம். பழைய வயர் இப்போது ரிலேயை இயக்க மட்டும் பயன்படுகிறது. ஃபியூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் வையுங்கள், இல்லையென்றால் வயர் எங்காவது உரசித் தேய்ந்த அன்று தீப்பிடிக்கும். சில பழைய டொயோட்டா வண்டிகளில் டிம்-ஹை சுவிட்ச் நேர்முனையை அல்லாமல் எர்த்தைத்தான் மாற்றுகிறது என்பதால், ரிலே செட் வாங்குமுன் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் பல்பில் 13.5 வோல்ட் வந்தது.

அதன் பிறகே புதுப் பல்பு வாங்கினேன், அதே 60/55 வாட். நீல நிறம் பூசியதை வாங்கவில்லை; அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குகிறது. "100 விழுக்காடு கூடுதல்" என்று அட்டையில் போட்ட வகைகளில் இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுள் குறைவு. குண்டும் குழியுமான தோட்டப் பாதைக்கு அது ஒத்துவராது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மூன்று முனைப் பிளக்கை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியை விடுவித்தால் பல்பு கையோடு வந்துவிடும். புதியதன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது, தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் மட்டும் மிகையாகச் சூடாகிக் குழாய் பழுதாகும். ரப்பர் மூடியைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் அடுத்த மழைக்கு விளக்கின் உள்ளே வியர்த்திருக்கும். உங்கள் வண்டி எச்4 தானா என்பதைப் பழைய பல்பின் அடிப்பாகத்தில் படித்துக்கொள்ளுங்கள், டிமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனிப் பல்பு உள்ள வண்டிகளும் உண்டு.

விளக்கின் முகப்பு மஞ்சளித்திருந்தால் அதையும் பாருங்கள். பாலிகார்பனேட் வெயிலில் பழுத்துவிடும். 1000, பிறகு 2000 எண் நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். பற்பசையால் தேய்த்தாலும் மஞ்சள் போகும் என்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் பூச்சு இல்லாததால் சில மாதத்தில் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும்.

கடைசியாகக் குறி பார்ப்பது. எங்கள் தோட்டத்துக் கோயிலின் பின்சுவர் வெறுமையாக இருக்கும், தலைவரிடம் கேட்டுக்கொண்டு இரவில் அங்கே போனேன். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, வழக்கமாக ஏற்றும் சுமையோடும் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளோடும் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்குமாறு திருகியைத் திருப்பினேன். பிக்கப்பில் சுமை ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு தூக்கும் என்பதால், காலி வண்டியில் குறி வைத்தால் உரம் ஏற்றிய அன்று எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். டாஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் உருளை இருந்தால், சுமைக்கேற்ப அதையே பயன்படுத்தலாம். அந்த விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏறும், நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் பாதையோரத்தைக் காட்டுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த பழைய விளக்குக் கூடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அது வலது பக்கம் ஏறி எதிரே வருகிறவரின் முகத்தில் அடிக்கும். எந்தத் திருகியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கழற்றிய பழைய பல்புகள் இரண்டும் எரியும் நிலையில்தான் இருந்தன, துணியில் சுற்றி டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தேன். சென்ற ஆண்டு இஜோக் சாலையில் இரவு எட்டு மணிக்கு இடது பக்க விளக்கு அணைந்தபோது, கைப்பேசி வெளிச்சத்தில் அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.