ஹரோவில் வீடு, 1999 டீசல் கேம்பர் வான்: வாங்கலாமா?

லண்டன் ஹரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். விடுமுறைக்கு வேல்ஸ், ஸ்கொட்லாந்து போய்வர ஒரு பழைய கேம்பர் வான் பார்த்திருக்கிறோம். 1999 ஃபோக்ஸ்வாகன் ரி4, 2.5 டீசல், கூரை உயரும். விலை 9,500 பவுண். போன மாதம்தான் எம்.ஓ.டி. (வருடாந்த வாகனப் பரிசோதனை) பாஸாம். யூலெஸ் (லண்டனில் புகை கூடிய வண்டிகளுக்கான நாள் கட்டணம்) 12.50 பவுண்தானே, வருடத்தில் சில நாள்தானே என்கிறார் விற்பவர். எதைக் கவனிக்கவேண்டும்?"

விற்பவர் சொன்ன 12.50 பவுண் சரிதான். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. லண்டனில் யூலெஸ் தவிர, அதற்கு முந்திய லோ எமிஷன் சோன் என்ற, கனமான டீசல் வண்டிகளுக்கான கட்டண வலயமும் இருக்கிறது. மொத்த எடை 2.5 முதல் 3.5 தொன் வரையான டீசல் மோட்டார் கரவன் யூரோ 3 புகைத் தரத்தை எட்டவில்லை என்றால் நாளுக்கு 100 பவுண். 2012 ஜனவரியிலிருந்தே இதுதான் நடைமுறை. 2002க்கு முன் பதிவான டீசல் வண்டிகள் பெரும்பாலும் இதில் மாட்டும். யூலெஸ் காசு இதற்கு மேலதிகம். வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு வீடு திரும்பினால் லண்டனுக்குள் ஓடியது இரண்டு நாள், செலவு 225 பவுண். டீசல் அடிக்க முன்னமே!

ஆகவே வானைப் பார்க்கப் போகமுன், அதன் நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். பிறகு லொக் புக்கின் (வாகனப் பதிவுப் பத்திரம்) படத்தைக் கேளுங்கள். அதில் 'மோட்டார் கரவன்' என்று இருந்தால் மொத்த எடையைப் பாருங்கள். ரி4 கேம்பர்கள் பல 2.5 தொன்னைத் தாண்டும். இன்னும் 'வான்' என்றே பதிவில் இருந்தால் வெறும் வண்டியின் எடைதான் கணக்கு, எல்லை 1.205 தொன். ரி4 அதற்குக் கீழே வராது.

ஹரோவிலேயே நிறுத்துவதாக இருந்தால் இந்த வானை வேண்டாம் என்பேன். வாட்ஃபோர்ட் பக்கம், லண்டன் எல்லைக்கு வெளியே வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்தலாம் என்றால் கதை வேறு. அல்லது பெற்றோல் ரி4 தேடுங்கள். லோ எமிஷன் சோன் டீசலுக்கு மட்டும்தான், யூலெஸ் மட்டும் கட்டினால் போதும். ரி4க்கு முந்திய மாடலான ரி25இல் நாற்பது வயது தாண்டிய பெற்றோல் வானும் உண்டு. வரலாற்று வாகனமாகப் பதிந்தால் ரோட் ரக்ஸும் இல்லை, யூலெஸும் இல்லை. பிள்ளைகளோடு ஸ்கொட்லாந்து ஏற்றம் ஏற அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், நல்ல மெக்கானிக்கும் வேண்டும்.

எந்த வானாக இருந்தாலும் முதல் எதிரி துரு. எம்.ஓ.டி. பாஸ் என்ற ஒரு சொல்லை வைத்து மயங்காதீர்கள். 2005 முதலான எம்.ஓ.டி. வரலாறு முழுவதும் அரசு இணையதளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் 'துரு' என்று எச்சரித்து, கடைசி வருடம் மட்டும் ஒன்றும் இல்லையா? துருவுக்கு ஒட்டுப்போட்ட வேலையின் இரசீதைக் கேளுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கதவுக்குக் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் ஓரம், உயரும் கூரைக்காக வெட்டிய இடம் ஆகியவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். படுக்கைக்கு அடியில் தலையை விட்டு முகர்ந்தும் பாருங்கள். ஈரம் ஊறிய மரம் நாற்றத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிரில் எப்படிப் பற்றுகிறது என்பதுதான் முக்கியம். 2.5 டீசலில் டைமிங் பெல்ட்டோடு எரிபொருள் பம்புக்குத் தனியாக இன்னொரு பெல்ட் இருக்கிறது. இரண்டும் மாற்றிய இரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

உள்ளே இருக்கும் காஸ் அடுப்பை எம்.ஓ.டி. பார்ப்பதில்லை. எல்.பி.ஜி. அனுமதியுள்ள காஸ் சேஃப் பதிவுள்ள பொறியாளரிடம் காட்டாமல் பற்றவைக்காதீர்கள். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வாங்கிப் பூட்டுங்கள். பின் இருக்கை பிறகு பொருத்தியது என்றால், இழுவைச் சோதனை செய்த இருக்கையா, பெல்ட் எதில் இறுக்கியிருக்கிறது என்று கேளுங்கள். மரப்பெட்டியில் திருகிய பெல்ட்டை நம்பிப் பிள்ளைகளை இருத்தக்கூடாது. இதில் திருப்தி இல்லையென்றால் மிச்சம் எல்லாம் நன்றாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

லொக் புக்கில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர் என்று இல்லை. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கட்டியாவது சோதியுங்கள். விற்பவர் கட்டிய ரோட் ரக்ஸ் உங்களுக்கு மாறாது. வீட்டுக்கு ஓட்டிவரமுன் உங்கள் பெயரில் ரக்ஸும் இன்சூரன்ஸும் எடுத்திருக்கவேண்டும்.