டோரன்ட் போட்டால் நெட் போகிறதா? ரவுட்டரைக் கவனியுங்கள்

வேளச்சேரியில் ஃபைபர், பிரவுசிங் எல்லாம் சரி, உபுண்டு ஐஎஸ்ஓவை (லினக்ஸ் நிறுவும் கோப்பு) டோரன்டில், அதாவது பலருடைய கணினிகளுக்கிடையே நேரடியாகக் கோப்பு பரிமாறும் முறையில், பகிர ஆரம்பித்தால் மட்டும் பத்து நிமிடத்தில் நெட் போகிறது, ரவுட்டரை அணைத்துப் போட்டால்தான் வருகிறது என்கிறீர்கள். நெட் அறுந்தவுடன் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் ஃபைபர் பழுது, புகார் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எரியவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டர்தான் திணறுகிறது. டோரன்ட் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும், ஒவ்வொன்றையும் ரவுட்டர் தன் பட்டியலில் குறித்து வைக்க வேண்டும், இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கு அவ்வளவு நினைவகம் ஏது, பட்டியல் நிரம்பியதும் புதிதாக எதையும் ஏற்காது. டோரன்ட் மென்பொருளின் செட்டிங்கில் மொத்த இணைப்புகளை 150, ஒரு டோரன்டுக்கு 40 என்று குறைத்துப் பாருங்கள்.

அப்லோடையும் கட்டுங்கள். 40 எம்பிபிஎஸ் இருந்தால் 30-க்கு மேல் விடாதீர்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், ஆனால் க்யூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளில் கணக்கு கிலோபைட்டில், அதாவது 30 எம்பிபிஎஸ்ஸை கிலோபிட்டாக்கி 8 ஆல் வகுத்து சுமார் 3,700 போட வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்லோட் நிரம்பி வழிந்தால், டவுன்லோடுக்காக நம் பக்கமிருந்து போக வேண்டிய ஒப்புகைகளும் ('வந்து சேர்ந்தது' என்ற பதில்கள்) வரிசையில் சிக்கி, நெட் செத்தது போலத் தெரியும்.

அப்புறம், ரவுட்டர் டிவி மேல் இருந்தால் இறக்கி வையுங்கள். மே மாதத்தில் என்னுடையது இட்லி அவிக்கும் சூட்டில் இருந்தது.