மாடல் ஏ: மட்கார்டைக் காப்பாற்றுங்கள், டிரம்மை மாற்றுங்கள்

வணக்கம். உங்கள் 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் முன் மட்கார்டுகளையும் பிரேக் டிரம்களையும் செப்பனிடுவதா, அல்லது மறுதயாரிப்பில் (அசலைப் போலவே இன்று செய்து விற்கும் பாகங்களில்) புதிதாக வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது.

மட்கார்டுகளைத் தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஒடுக்கும் ஓரத்தில் துருவும் மட்டுமே என்றால், கைதேர்ந்த டிங்கர் ஒருவர் அவற்றைத் தட்டி நிமிர்த்தி, அரித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைத்துவிடுவார். மறுதயாரிப்பில் போல்ட் துளைகள் சற்று விலகியிருந்தாலும் ஃபுட்போர்டோடு இடைவெளி ஒத்துவராது. அதைச் சரிசெய்யும் கூலியில் பழையதையே மீட்டுவிடலாம்.

டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை விஷயத்தில் என் கருத்து நேர்மாறானது. அசல் டிரம்கள் எஃகுத் தகட்டை அழுத்திச் செய்தவை என்பதால், சூடேறும்போது விரிந்து, உள்ளிருந்து அழுத்தி உராயும் பட்டையான லைனிங்கிலிருந்து விலகுகின்றன. ஹைட்ராலிக் (திரவ அழுத்தம்) இல்லாமல் தண்டுகளால் இயங்கும் அந்த பிரேக்கில், இறக்கத்தில் இது ஆபத்து. இப்போது கிடைக்கும் வார்ப்பிரும்பு டிரம்கள் அவ்வளவு எளிதில் வடிவம் குலைவதில்லை. ஆனால் ஹப்பையும் (சக்கரத்தின் நடுக்குடம்) டிரம்மையும் வீல் ஸ்டட்டுகளே (சக்கரத்தைப் பூட்டும் திருகுகள்) பிணைத்திருப்பதால், சுத்தியலால் அடித்துக் கழற்றினால் ஹப் கோணிவிடும். ஸ்டட்டின் விரிந்த விளிம்பை முதலில் வெட்டிவிட்டு, பிரஸ்ஸில் வைத்துக் கழற்றச் சொல்லுங்கள்; புதிய டிரம்மை ஹப்போடு பொருத்திய பின்னரே லேத்தில் கடைசல் பிடிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: பழைய வயரிங்கின் ரப்பர் உறை நொறுங்கியிருந்தால், அசல் என்பதற்காக அதை விட்டுவைக்காதீர்கள், பருத்தி நூல் பின்னிய புதிய வயரிங் செட் கிடைக்கிறது.