வாசகர் கேள்வி - பதில்: முதல் இருபது பக்கங்கள்

ஒன்பது முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளுக்கு எந்த நூல்களைத் தரலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. படக்கதைகளை ஒரே மூச்சில் படித்துவிடுகிறாள். ஆனால் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கதைநூல் எதை வாங்கிக் கொடுத்தாலும் பாதிகூடப் படிக்காமல் மூடி வைத்துவிடுகிறாள். கண்டிப்பதா, இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருப்பதா? ஏற்ற நூல்கள் சிலவற்றையும் சொல்லுங்கள்.
– ஐந்தாம் வகுப்பு மாணவியின் தாய்

பதில்: இரண்டும் வேண்டாம். அவள் மூடி வைத்த நூல்களை எடுத்து, அடையாளத்துக்குச் செருகிய காகிதம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பத்தாம் பக்கத்துக்கும் இருபதாம் பக்கத்துக்கும் இடையில்தான் நிற்கும். படக்கதையின் முதல் தாளைத் திருப்பியவுடனேயே ஊரும் வீடும் ஆட்களும் ஓவியமாகக் கண்முன் வந்துவிடுகின்றன. நெடுங்கதையிலோ, யார் யாருக்கு என்ன உறவு, எவரை நம்பலாம், கதை நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதையெல்லாம் வெறும் எழுத்தைக் கொண்டு குழந்தையே மனத்துக்குள் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் தொடக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. நூலின் தடிமனைக் கண்டு குழந்தை மிரள்வதாகப் பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் கவனித்த வரையில் முதல் இருபது பக்கங்களைக் கடந்துவிட்ட குழந்தை, நூல் தடிமனாக இருப்பதைக் கண்டு மகிழத்தான் செய்கிறது.

ஆகவே அந்த இருபது பக்கங்களை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும் இடமாகப் பார்த்து நிறுத்தி, நூலை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். மறுநாள் எத்தனை பக்கம் படித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொடங்குவதற்கு எனக்கு மிகவும் பிடித்த நூல், டெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதிய 'டோட்டோ-சான்'. தமிழிலும் கிடைக்கிறது. இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் நீளாத சிறு சிறு அத்தியாயங்கள். இடையில் எங்கே நிறுத்தினாலும் மனம் உறுத்தாது. அதில் டோட்டோ-சானின் பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவள் நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையைக் கொண்டுவந்து குழியிலிருப்பதை எல்லாம் அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். அவ்வழியே வரும் தலைமையாசிரியர், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பணப்பை கடைசி வரை கிடைப்பதில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்காத பத்து வயதுக் குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை. திட்டாமல் போன அந்தத் தலைமையாசிரியரைப் பற்றிச் சிரிப்பு அடங்கிய பிறகு அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

விறுவிறுப்பு வேண்டுமென்றால் எரிஷ் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' ஏற்றது. பாட்டியிடம் சேர்க்க வேண்டிய பணத்தைச் சட்டைக்குள் ஊசியால் குத்திக்கொண்டு ரயிலில் தனியே செல்லும் சிறுவன் கண்ணயரும் நேரத்தில் அது களவு போகிறது. முன்பின் தெரியாத நகரத்துப் பிள்ளைகள் கூட்டமாகத் திரண்டு திருடனைப் பின்தொடர்கிறார்கள். கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ' 1881இல் சிறுவர் இதழொன்றில் தொடராக வரத் தொடங்கிய கதை. மரப்பாவை மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு 15ஆம் அத்தியாயத்தில் அதை முடித்துவிட ஆசிரியர் நினைத்திருந்தார். படித்தவர்கள் விடாததால் அது 36 அத்தியாயங்களாக வளர்ந்தது. சுருக்கப் பதிப்புகளை மட்டுமே அறிந்த குழந்தைக்கு முழு நூலைக் கொடுத்துப் பாருங்கள். தமிழிலேயே எழுதப்பட்டவற்றுள், கீழடியைப் பின்னணியாகக் கொண்டு உதயசங்கர் எழுதி, 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை' இந்த வயதுக்குப் பொருத்தமாக இருக்கும்.

'குட்டி இளவரசன்' நூலைப் பலரும் இந்த வயதுக்குப் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் சற்றுத் தயக்கம் உண்டு. யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்று நினைத்துக்கொள்ளும் தொடக்கப் பகுதி குழந்தைகளைத் துள்ள வைக்கிறது. நரி வந்து பேசும் இடத்துக்குள் அவர்கள் கவனம் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கொடுத்தால் நூலுக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

கேள்வி: என் மகன் காமிக்ஸ் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதைப் படிப்பாகவே கருத முடியவில்லை.
– ஒரு தந்தை

பதில்: படிப்புத்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை ஓவியர் சொல்வதில்லை. உங்கள் மகன் ஊகித்துக்கொள்கிறான். அந்தப் பழக்கம் நாவலுக்கும் தேவைப்படுவதே. படத்திலிருந்து எழுத்துக்கு அவனை மெல்ல நகர்த்த விரும்பினால், பிரையன் செல்ஸ்னிக் 2007இல் வெளியிட்ட 'தி இன்வென்ஷன் ஆஃப் ஹ்யூகோ கேப்ரே' நூலைத் தேடிப் பிடியுங்கள். 500 பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் ஏறக்குறைய பாதி ஓவியங்கள். ஓட்டமும் துரத்தலும் சொற்களே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓவியத்தில் நடந்து, ஓரிடத்தில் எழுத்து கதையை வாங்கிக்கொள்ளும். முடித்துவிட்டு அதன் கனத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும்போது அவன் முகத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: 'சார்லட்ஸ் வெப்' நூலை முடித்த என் ஒன்பது வயது மகள் வெகுநேரம் அழுதாள். சாவு வரும் கதைகளை இப்போதைக்கு விலக்கி வைப்பதுதானே முறை?
– ஒரு தாய்

பதில்: அந்நூலை விலக்க வேண்டியதில்லை. ஈ. பி. வைட் 1952இல் எழுதிய அக்கதையின் முதல் வரியிலேயே, அப்பா கோடரியோடு எங்கே போகிறார் என்று ஒரு சிறுமி கேட்கிறாள். பலவீனமாகப் பிறந்த பன்றிக்குட்டியைக் கொல்லத்தான் அவர் போகிறார். சாவைப் பற்றிய கதை இது என்பதை ஆசிரியர் குழந்தையிடம் மறைக்கவே இல்லை. அந்தப் பன்றிக்குட்டியின் தோழியான சார்லட் என்னும் சிலந்தி இறப்பது மொத்தமுள்ள 22 அத்தியாயங்களில் 21ஆவதன் முடிவில். அதன் பிறகு ஓர் அத்தியாயத்தை, முட்டைகள் பொரிந்து சிலந்திக் குஞ்சுகள் காற்றில் மிதந்து செல்லவும் அவற்றுள் மூன்று மட்டும் பன்றி வாழும் கொட்டகையிலேயே தங்கிவிடவும் ஒதுக்கியிருக்கிறார். அழுத குழந்தை கண்ணைத் துடைத்துக்கொள்ள இடம் விட்டு எழுதப்பட்ட நூல் அது. உங்கள் மகள் 21ஆம் அத்தியாயத்தோடு நூலை மூடிவிட்டாளா, கடைசி அத்தியாயத்தையும் படித்தாளா என்று கேட்டுப் பாருங்கள். மூடிவிட்டிருந்தால் இன்றிரவே அதை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை தேவைப்படுவது வேறிடத்தில். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரு சிறுமியின் பெயரைத் தாங்கியிருப்பதால் சிறுவர் கதை என்று எண்ணி வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆசிரியை ஒருவர் தம் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த அந்தக் கதை, குழந்தைகளின் கேள்விகளை அடக்கும் பெரியவர்களை நோக்கியே பேசுகிறது. அந்தச் சிறுமியின் முடிவிலிருந்து படிக்கும் குழந்தையைத் தேற்றி எடுக்க அதில் ஏற்பாடு ஏதும் இல்லை. அதை நீங்கள் படியுங்கள். அதேபோல், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைக் குழந்தைக்குப் புரியும்படி பேசுகிறது. இந்த வயதில் அவசியம் படிக்க வேண்டிய நூல் என்றே நான் கருதுகிறேன். எனினும் நீங்கள் முதலில் படித்துவிட்டு, பிறகு பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து படியுங்கள். அவள் கேட்கப்போகும் கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கேள்வி: பூச்சி, விண்வெளி, இயந்திரம் என்று தகவல் நூல்களையே படிக்கிறான், கதையே வேண்டாம் என்கிறான். குறையா?
– ஒரு பாட்டி

பதில்: குறையில்லை, அம்மா. நூலின் அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். புளூட்டோவைச் சேர்த்துக் கோள்கள் ஒன்பது என்று சொல்லும் நூல் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். புளூட்டோ 2006இல் குறுங்கோள் ஆக்கப்பட்டது ஏன் என்று பேரனையே தேடி உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகன் 'பொன்னியின் செல்வன்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஐந்து பாகங்கள் ஆயிற்றே, கொடுக்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: கேட்கிற பிள்ளைக்கு மறுக்காதீர்கள். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதையாதலால், அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைப்பதற்கென்றே ஒவ்வோர் அத்தியாயமும் முடிகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கமும் சிறுவர்களைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும். உங்கள் மகனைத் தடுமாற வைக்கப்போவது பெயர்களும் உறவுமுறைகளும்தான். பழுவேட்டரையர் என்றே இருவர் இருக்கிறார்கள்; சுந்தர சோழரின் மக்கள் மூவர்; அரியணைக்கு உரிமை கோரும் மதுராந்தகர் வேறு. ஓர் அட்டையில் வம்சப் படத்தை வரைந்து கொடுத்து, அதையே பக்க அடையாளமாகவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய ஆள் வரும்போதெல்லாம் அவனே பெயரைச் சேர்த்துக்கொள்வான். நந்தினியின் மனம் அவனுக்குப் பிடிபடாது. அதை இருபது வயதில் மறுபடி படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லி, ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் கடினம் என்று கொள்ளும் முறையை என் வகுப்பில் பின்பற்றுகிறேன். ஆங்கில நூல்களுக்கு அது சரியாக வருகிறது. தமிழ் நூல்களை எடுத்தாலோ, நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட முதல் பத்தியிலேயே ஐந்து விரலையும் மடக்கிவிடுகிறார்கள். நல்ல நூல்கள் பல இப்படிக் கைநழுவுகின்றன.
– நான்காம் வகுப்பு ஆசிரியை

பதில்: அந்த விரல்களில் பாதி, சொல் தெரியாததால் மடங்கியவை அல்ல என்று நினைக்கிறேன். 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே கோவையாக அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் குழந்தையின் கண் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஓடு, கொண்டு, இருந்தவர்கள், எல்லாம் ஆகிய ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். எங்கே பிரிப்பது என்பதுதான் தெரியவில்லை. 'பாத்துட்டு' என்று நாள்தோறும் சொல்கிற வாய், 'பார்த்துவிட்டு' என்ற எழுத்தின் முன் ஒரு கணம் தயங்குவதும் இதைப் போன்றதே. எனவே தமிழ் நூலுக்கு உங்கள் முறையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். அவன் தடுக்கிய சொல்லை நீங்கள் இயல்பான வேகத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் விழுந்ததும் 'ஓ, அதுவா' என்றால் விரல் நிமிரட்டும். கேட்ட பிறகும் விழித்தால் மட்டும் மடங்கட்டும். இப்படி எண்ணும்போது இரண்டு மூன்று விரல்களுக்கு மேல் மடங்காத நூலை, முதல் சில பக்கங்களை மட்டும் வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அன்று மாலையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.