தாதியர் பயிற்சியில் சிறு சீண்டல்கள் மனத்தை இவ்வளவு பாதிக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து தாதியர் பயிற்சிக்குப் போன உங்கள் தங்கை, "எஸ்டேட் பிள்ளைக்கு மலாய் இவ்வளவு நன்றாக வருகிறதே!" என்ற 'பாராட்டை' நினைத்து அழுகிறாள், இது பெரிய விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். 'எஸ்டேட் பிள்ளைக்கு இது வராது' என்ற இளக்காரம் அந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இலேயே இத்தகைய நுண்வன்மத்தை, அதாவது ஒருவரின் பின்னணியைச் சிறுமைப்படுத்தும் அன்றாடச் சிறு சீண்டல்களை, சுட்டிக்காட்டினார். 2007இல் உளவியலாளர் டெரால்ட் விங் சூ குழுவினர் இதை மூன்றாகப் பிரித்தனர்: வெளிப்படையான தாக்குதல், மறைமுக அவமதிப்பு, பட்டவரின் அனுபவத்தையே மறுப்பது. கடைசியானதுதான் கொடியது என்பேன். "விளையாட்டுக்குத்தானே சொன்னோம்" என்றதும் அவள் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவாள். மதிப்பெண் போடுபவரே அப்படிப் பேசினால் வார்டில் சந்தேகம் கேட்கவும் தயங்குவாள். மருந்தளவில் அந்தத் தயக்கம் நோயாளிக்கும் ஆபத்து.

தயவுசெய்து "கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். நம்பும் விரிவுரையாளரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள். மனம் தாங்காதபோது சுகாதார அமைச்சின் உதவி எண் 15555ஐ அழைக்கலாம்.